அளவுகோலும் ஒரு தொழிலாளியின் கழுத்தும்

சென்ற மே மாதம் நம் சங்கத்தின் சார்பில் இரண்டு பஸ் பிடித்துக்கொண்டு, குழந்தைகுட்டிகளோடு ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்வந்தோம். வெளிச்சோறு உள்ளே கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டதால், மதியத்துக்கென்று கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றையும் தயிர்ச்சோற்றையும் காலை பத்து மணிக்கே பஸ் நிழலில் உட்கார்ந்து தின்று தீர்த்தோமே, அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் அன்று மாலை நாலரை மணிக்கு நடந்ததைப் பற்றி நம்மில் யாரும் வாய் திறப்பதில்லை. அதை இந்த இதழில் பேசியாக வேண்டும். அடுத்தவன் செய்த அக்கிரமத்தைப் பேசிப் பேசியே வளர்ந்த ஏடு இது. நாம் செய்ததற்கும் இரண்டு பக்கம் ஒதுக்கினால் ஒன்றும் குறைந்துபோக மாட்டோம்.

பூங்காவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கம்பெனிக்கு ஒன்றும் ஆகாது. அங்கே வேலை பார்க்கும் ஒரு பையனின் சோற்றில்தான் மண் விழும்.

அங்குள்ள பெரிய ரோலர் கோஸ்டருக்கு முன்னால் ஒரு பலகை, பலகைக்குப் பக்கத்தில் ஒரு கோல். 120 செ.மீ.க்குக் குறைந்தவர்கள் ஏறக்கூடாது. நான்கு அடிக்கு முக்கால் அங்குலம் போலக் குறைவு. தாராவியில் தோல் பட்டறையில் வேலை செய்யும் நம் தோழர் ஒருவர், ஒன்பது வயது மகனோடு முக்கால் மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்று அந்தக் கோலுக்கு வந்து சேர்ந்தார். (அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறோம்.) கோலுக்குப் பக்கத்தில் நின்ற இளைஞன் பையனைச் செருப்பைக் கழற்றச் சொல்லி நிறுத்தி, தலைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். இரண்டு விரற்கடை குறைந்தது. 117 செ.மீ. 'முடியாது' என்று இந்தியில் சொன்னான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வெட்கக்கேடு. 'பணம் கொடுத்திருக்கிறேன்' என்றார் தோழர். 'முன்னால் இன்னொன்றில் ஏற்றினார்களே' என்றார். 'என் மடியில் வைத்துக்கொள்கிறேன், உனக்கென்ன' என்றார். பின்னால் நின்ற நம்மவர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டோம். இதை எழுதுகிற நாமும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தோம், குரலும் கொடுத்தோம். யாரோ ஒருவர் அவனை 'ஏய் பையா' என்று அதட்டினார். இன்னொருவர் அதைவிட மோசமாகவும் சொன்னார். அப்போது அந்தப் பையன் கையெடுத்துக் கும்பிட்டு, நல்ல தமிழில் சொன்னான்:

'அண்ணா, கோவப்படாதீங்கண்ணா. பையன் வழுக்கி விழுந்துடுவாண்ணா.'

ஒரு நிமிஷம் எல்லோருக்கும் வாய் அடைத்துப்போயிற்று. ஒடிசாவில் கஞ்சம் ஜில்லாக்காரனாம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் நாலு வருஷம் இருந்தவனாம்.

அத்தோடு முடிந்திருந்தால் சரி. கூச்சல் கேட்டு வாக்கி டாக்கியோடு சூப்பர்வைசர் வந்தார். விருந்தாளிகளைக் கோபப்படுத்தக் கூடாது என்பது அவருக்கு மேலேயிருந்து வந்த உத்தரவு. 'இந்த ஒரு தடவை விட்டுவிடு' என்றார். பையன் நகரவில்லை. 'நீங்கள் வந்து பொத்தானை அழுத்துங்கள் சார்' என்று மட்டும் சொன்னான். சூப்பர்வைசர் பொத்தானைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார், அழுத்தவில்லை. நம் தோழரின் மகன் அழுதுகொண்டே வரிசையைவிட்டு இறங்கினான்.

மாலை ஏழு மணிக்குப் பஸ் ஏறப் போனபோது வண்டி நிறுத்தும் இடத்தில் ஊதலை வாயில் வைத்துக்கொண்டு நின்றவன் அதே பையன். விருந்தாளியிடம் மரியாதைக்குறைவாக நடந்துகொண்டதாக எழுதி, அன்றைக்கு அரைநாள் கூலியைப் பிடித்துவிட்டார்கள். ராட்டினத்திலிருந்தும் மாற்றிவிட்டார்கள். கேட்டதும் சொன்னான். சொல்லிவிட்டு, நம் பஸ்ஸைப் பின்னால் எடுப்பதற்குக் கைகாட்டினான். அவன் முகத்தை நேரே பார்க்க நம்மில் எத்தனை பேரால் முடிந்தது?

இதை எழுதுகிற நாம் இருபது வருஷத்துக்கு மேலாக ரயில்வே புக்கிங் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருப்பவன் படும் பாடு நமக்குத் தெரியாததல்ல. ஐந்து வயதுக்குக் கீழே இலவசம், ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் அரை டிக்கெட் என்பது சாதாரணப் பெட்டிக்கு உள்ள விதி. மீசை அரும்பிய பதினோரு வயதுகளை இந்த ஜன்னல் எத்தனையோ பார்த்திருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் புத்தகப் பையோடு நிற்கும் நாலரை வயதுகளையும் பார்த்திருக்கிறது. கேட்டால் பெற்றவர்களுக்குக் கோபம் வரும். விதியை எழுதியவன் டில்லியில் இருக்கிறான், வசவு வாங்குகிறவன் ஜன்னலில் இருக்கிறான். கணக்கில் பணம் குறைந்தால் கையிலிருந்து கட்டுகிறவனும் அவனே.

ஆனால் ஒன்று: அரை டிக்கெட் விஷயத்தில் ஏழை போடும் கணக்கை நாம் பெரிய குற்றமாக நினைத்ததில்லை. ஊருக்குப் போக நாலு பேருக்கு டிக்கெட் எடுக்கிறவன் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது இயற்கை. நம் ஊர் பஸ்ஸில் வாசற்கம்பத்துப் பக்கம் உயரத்துக்குக் கோடு போட்டிருப்பார்கள்; கண்டக்டர் வரும்போது நம் அம்மாமார் நம்மை முழங்காலை மடித்து நிற்கச் சொன்னதை மறந்துவிட்டோமா? அந்தப் பழக்கம்தான் பூங்காவிலும் வந்தது. பல பூங்காக்களில் சிறுவர் டிக்கெட்டை வயது பார்த்துக் கொடுப்பதில்லை, உயரம் பார்த்தே கொடுக்கிறார்கள். அன்று காலை வாசலில் நம் பெண்பிள்ளைகள் சிலரை நாமே குனியவைத்து உள்ளே கூட்டிப்போனோம். மாலையில் பையனை நுனிக்காலில் எக்கச் சொன்னோம். பூட்ஸுக்குள் கைக்குட்டையை மடித்து வைத்தவர்களும் உண்டு. காலையில் சுருக்கி, மாலையில் நீட்டி, பிள்ளையை ரப்பர் என்று நினைத்துவிட்டோம்.

காலைக் கோலும் மாலைக் கோலும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் வேலை வேறு. வாசலில் இருப்பது பணத்துக்கான கோல். அதில் ஏமாற்றினால் கம்பெனிக்கு நூறோ இருநூறோ நஷ்டம். ராட்டினத்துக்கு முன்னால் இருப்பது உயிருக்கான கோல்.

எப்படி என்று கேட்பவர்களுக்கு: ரோலர் கோஸ்டர் மேட்டிலிருந்து கீழே பாயும்போது உடம்பு இருக்கையைவிட்டு மேலே எழும்பும். பள்ளத்தில் திரும்பும்போது உடம்பின் எடை இரண்டு மூன்று மடங்காக அழுத்தும். உடம்பை இருக்கையோடு பிடித்து வைப்பது தொடைமேல் இறங்கும் கம்பியோ, தோள்மேல் இறங்கும் பூட்டோதான். அந்தக் கம்பி பிடிக்க வேண்டியது இடுப்பெலும்பை. இடுப்பும் தொடையும் போதிய அளவு வளராத குழந்தையைக் கம்பி பிடிப்பதுபோல் தோன்றும், ஆனால் பிடிக்காது. வண்டி குலுக்கும்போது குழந்தை கம்பிக்குக் கீழே வழுக்கிப் போய்விடும், அல்லது மேலே எழும்பி வெளியே போய்விடும். இருவருக்குச் சேர்த்து ஒரே கம்பி உள்ள வண்டிகளில் இன்னும் ஆபத்து. கம்பி அப்பாவின் தொடையில் முட்டி நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு தலையணை வைக்கும் அளவுக்கு இடம் இருக்கும். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றாரே நம் தோழர், அது எல்லாவற்றையும்விட மோசம். இருபது கிலோப் பிள்ளை அந்தத் திருப்பத்தில் அறுபது கிலோ. தகப்பன் எவ்வளவு பாசமுள்ளவனாக இருந்தாலும் கை அறுபது கிலோவை அந்த வேகத்தில் பிடிக்காது.

120 என்பதும் 140 என்பதும் கோல் பிடித்து நிற்கும் பையனின் இஷ்டமல்ல. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அதைச் செய்த கம்பெனி தன் பூட்டின் அளவைப் பார்த்து எழுதிக் கொடுத்த எண். ஒரு ராட்டினத்தில் ஏற்றினார்கள், இன்னொன்றில் ஏற்றவில்லை என்றால் அதற்குக் காரணம் இதுதான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. மனித உடம்பு காலையில் சற்று உயரமாகவும், நாள் முழுக்க நின்று நடந்து மாலையில் ஒரு செ.மீ. போலக் குறைந்தும் இருக்கும். எல்லைக்கோட்டில் இருக்கும் பிள்ளை காலையில் தேறி மாலையில் தோற்கலாம். 'காலையில் விட்டானே' என்று அடிக்கப் போகும் தகப்பன்மார் இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

இப்போது அந்த 117-க்கு வருவோம். இதைச் சொல்ல நமக்கே சங்கடமாக இருக்கிறது, சொல்லாமல் விடவும் முடியவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி ஏழு வயதுப் பிள்ளையின் நடுத்தர உயரம் 121 செ.மீ. அளவில் இருக்கிறது. ஒன்பது வயதுப் பையனுக்கு ஏறத்தாழ 132. நம் தோழரின் மகன் ஒன்பது வயதில் 117. அன்று அதே வரிசையில் நமக்கு முன்னால் காரில் வந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று இரண்டாம் வகுப்புப் படிப்பதாகச் சொன்னது. கோலைத் தாண்டித் தலை நிமிர்ந்து ஏறிப் போயிற்று. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். மூன்றில் ஒன்றுக்கு மேல்! அந்த ஒன்று யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லவும் வேண்டுமா? பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர், பொதுக் கக்கூஸ், வந்து வந்து போகும் பேதி, தாய் சினையாக இருந்த காலத்தில் பாதி வயிற்றுச் சோறு: இவையெல்லாம் சேர்ந்துதான் எலும்பைக் குட்டையாக்குகின்றன. நம் வியர்வையால் உயர்ந்த மாடிகள் இந்த நகரத்தில் எத்தனையோ இருக்கின்றன, நம் பிள்ளைகள் மட்டும் உயரவில்லை.

தகப்பனுக்கு வந்த கோபம் வெறும் டிக்கெட் பணத்தால் வந்ததல்ல என்று நாம் நினைக்கிறோம். நூறு பேர் பார்க்க மகனைக் கோலில் நிறுத்தி 'நீ போதாது' என்று சொல்வதைப் பொறுக்காமல் வந்தது. அந்தக் கோபம் நியாயம். ஆனால் அது யார்மேல் பாய்ந்தது? நம் தெரு அங்கன்வாடியிலும் ஒரு கோல் இருக்கிறது. மாதாமாதம் பிள்ளையை நிறுத்தி அளந்து ரிஜிஸ்டரில் எழுதுகிறார்கள். அங்கே 'குறைவு' என்று எழுதியபோது நம்மில் யார் கூட்டம் கூடினோம்? யார் வார்டு ஆபீசை முற்றுகையிட்டோம்? அத்தனை வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, இப்போது கூலிக்குக் கோல் பிடித்து நிற்கும் ஒடிசாக்காரனின் சட்டையைப் பிடிக்கப் போனோம்.

அவன் நம்மை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் பார்ப்போம். ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். நூறில் தொண்ணூற்றொன்பது தடவை ஒன்றும் ஆவதில்லை. அதனால்தான் சூப்பர்வைசர்களுக்குத் தைரியம் வருகிறது. ஆகிவிட்டால்?

2019 ஜூலை 14 அன்று அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரைப் பூங்காவில் ஊஞ்சல்போல் வீசும் பெரிய ராட்டினம் உடைந்து விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், முப்பது பேர் அளவுக்குக் காயப்பட்டார்கள். உடைந்தது இரும்பு. ஆனால் போலீஸ் கைது செய்தவர்களில் முதலாளி, மானேஜரோடு ராட்டினத்தை இயக்கிய தொழிலாளிகளும் இருந்தார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் கவனக்குறைவால் மரணம் என்றால் இரண்டு வருஷம் வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் அது ஐந்து வருஷம் வரை. பொத்தானில் இருப்பது யாருடைய விரல்ரேகை? 'இந்த ஒரு தடவை விட்டுவிடு' என்று வாயால் சொன்னவருடைய ரேகை காற்றில் இருக்குமா? முதலாளி ஜாமீனுக்கு வக்கீல் வைத்துக்கொள்வான். கஞ்சம் ஜில்லாக்காரனுக்கு யார் வருவார்கள்? நாமா?

விருந்தாளி ஏறுவதற்கு முன்னால் ஏறுகிறவனும் தொழிலாளிதான். 2016 மே மாதம் சென்னைக்குப் பக்கத்தில், தாம்பரம் அருகே உள்ள பூங்கா ஒன்றில் ராட்டினத்தைச் சோதித்துப் பார்க்க ஊழியர்களையே ஏற்றி ஓட்டினார்கள். அது விழுந்தது. ஓர் ஊழியர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். பிறகு நம் பிள்ளை ஏற வேண்டிய இயந்திரம் அது.

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்கவும் வேண்டாம். 2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் உயரத்திலிருந்து விழும் ராட்டினம் ஒன்றிலிருந்து பதினான்கு வயதுச் சிறுவன் வழுக்கி விழுந்து இறந்தான். அங்கே எடைக்கும் ஒரு வரம்பு இருந்தது: 287 பவுண்டு, அதாவது 130 கிலோ. அவன் எடை அதைவிட மிக அதிகம். அவனுடைய இருக்கையில் பூட்டு சரியாக இறங்கியதா என்று பார்க்கும் கருவியைக் கையால் மாற்றி, இடைவெளி அதிகம் இருந்தாலும் 'சரி' என்று விளக்கு எரியும்படி செய்திருந்தார்கள் என்று பின்னால் நடந்த விசாரணையில் தெரிந்தது. வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப மனமில்லாத வியாபாரம் கோலை எப்படி வளைக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சில தோழர்கள் நம்மிடம் வாதாடினார்கள். 'பூங்கா முதலாளியின் சட்டத்தைத் தொழிலாளர் ஏடு ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்? விதி என்பதே நம்மைத் தள்ளி வைக்கத்தானே?' என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. விதிகள் பெரும்பாலும் நம்மைத் தள்ளி வைக்கத்தான் எழுதப்படுகின்றன. வெளிச்சோறு கூடாது என்பது அப்படிப்பட்ட விதி. அதை மீறினால் நாமும் கூட வருவோம். ஆனால் இந்த விதியை உண்மையில் முதலாளி விரும்புவதில்லை. ஒவ்வொரு தடவை 'முடியாது' என்று சொல்லும்போதும் அவனுக்கு ஒரு டிக்கெட் முணுமுணுக்கிறது, வரிசை நிற்கிறது, ஒரு மணிக்கு இத்தனை பேர் ஏற வேண்டும் என்ற கணக்கு தள்ளிப்போகிறது. எனவே பலகையை எழுதி வைத்துவிட்டு, பலகையின்படி நடக்கிறவனுக்கு அபராதம் போடுகிறான். விபத்து நடந்தால் 'பலகை இருக்கிறதே, ஆள்தான் பார்க்கவில்லை' என்பான். நடக்காவிட்டால் 'விருந்தாளி மனம் நோகக் கூடாது' என்பான். இரண்டு பக்கமும் கத்தி, நடுவில் காண்ட்ராக்ட் தொழிலாளியின் கழுத்து. நாம் கூச்சல் போடும்போது நாமும் அந்தக் கத்தியின் ஒரு பக்கத்தைப் பிடித்து அழுத்துகிறோம்.

ரயில்வேயில் ஆயிரம் குறை உண்டு, இந்த ஏட்டில் எழுதிக் கை சலித்தோம். ஆனால் நூறு வருஷத்துக்கு மேல் ரத்தம் சிந்திக் கற்ற ஒரு பாடம் அங்கே இருக்கிறது: பாதுகாப்பு உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும். தண்டவாளம் சரியில்லாத இடத்தில் மெதுவாகப் போ என்பதைக்கூட டிரைவருக்கு வாயால் சொல்ல மாட்டார்கள். காஷன் ஆர்டர் என்று காகிதத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். லெவல் கிராசிங்கில் நிற்கும் கேட் கீப்பர் சம்பளத்தில் கடைசி ஆள். மந்திரி கார் நின்று ஹாரன் அடித்தாலும் ரயில் போகாமல் கேட்டைத் திறக்கக் கூடாது என்பது அவனுக்கு விதி. அந்த 'முடியாது' தளர்ந்தால் என்ன ஆகும் என்று 2025 ஜூலை 8 அன்று கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் பார்த்தோம். திறந்திருந்த கேட்டில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். வேன் ஓட்டுநர் கேட்டதால் திறந்ததாக ரயில்வே முதலில் சொன்னது, ஓட்டுநர் அதை மறுத்தார். கேட் கீப்பர் கைதானார். அந்தக் குழந்தைகளை நினைத்து நம் வீடுகளில் அன்று அடுப்பு எரியவில்லை. அப்படி அழுத நாம்தான் அடுத்த மே மாதம் இன்னொரு கேட்டில் நின்று 'திற' என்று கத்தினோம்.

ரயில் விபத்தென்றால் விசாரிக்க ரயில்வே பாதுகாப்பு ஆணையர் இருக்கிறார்; அவர் ரயில்வே மந்திரிக்குக் கட்டுப்பட்டவர் அல்ல, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழே வருகிறார். தன் தவறைத் தானே விசாரிக்கக் கூடாது என்பதற்காக அப்படி. ராட்டினங்களுக்கு அப்படி நாடு முழுவதற்குமான ஆணையம் ஏதும் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2004-இல் ஐ.எஸ். 15475 என்ற எண்ணில் ராட்டினப் பாதுகாப்புக்கு நடைமுறைக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது. அனுமதி கொடுப்பது மாநிலத்துக்கு ஒரு விதம். தொழிலாளியின் பக்கம் பார்த்தால், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், வேலையிடத்தில் உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிலாளி நியாயமாக அஞ்சினால் முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்று ஓர் உரிமை இருக்கிறது. கம்பிக்குக் கீழே வழுக்கப் போவது தொழிலாளியின் உயிரல்ல, நம் பிள்ளையின் உயிர். அதற்காக அவன் சொல்லும் 'முடியாது' என்ற சொல்லுக்கு எந்தக் காகிதத்தில் பாதுகாப்பு?

ஆகையால் நம் செயற்குழு கூடிப் பேசி, அந்தப் பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. எந்த ராட்டினத்துக்கு எவ்வளவு உயரம் என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்னால், டிக்கெட் ஜன்னலிலேயே, இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் பெரிதாக எழுதி வை. உள்ளே போய் முக்கால் மணி வெயிலில் நின்ற பிறகு சொல்லாதே என்று கேட்டிருக்கிறோம். ஏமாற்றத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. காலையில் ஓரிடத்தில் நிதானமாக அளந்து கையில் வண்ணப் பட்டை கட்டிவிடலாம். அப்படிச் செய்யும் பூங்காக்கள் இருக்கின்றன. எல்லைக்கோட்டில் இருக்கும் பிள்ளையை மட்டும் ராட்டினத்தில் மறுபடி பார்த்தால் போதும். அளவு காரணமாகத் திருப்பி அனுப்பியதற்காக எந்தத் தொழிலாளியின் கூலியையும் பிடிக்கக் கூடாது, அளவை மீறி ஏற்றச் சொல்லும் அதிகாரி பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறோம். இந்தக் கடைசிக் கோரிக்கை நடைமுறைக்கு வந்தால், கையெழுத்துப் போட ஒருவரும் வர மாட்டார் என்பது நம் கணிப்பு. அன்று பொத்தானைத் தொடாத சூப்பர்வைசரே சாட்சி. பிடித்த அரைநாள் கூலியைத் திருப்பிக் கொடுக்கவும் கேட்டிருக்கிறோம். தவறு எங்களுடையது, விருந்தாளிகளாகிய நாங்களே எழுதிக் கொடுக்கிறோம் என்று நாற்பத்து மூன்று பேர் கையெழுத்திட்டிருக்கிறோம். முதல் கையெழுத்து தாராவித் தோழருடையது. பதில் இன்னும் வரவில்லை.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. 1960களின் கடைசியில் இந்த நகரத்தில் 'மதராசி' என்று நம் பெரியவர்களின் ஓட்டல் கண்ணாடிகளை உடைத்தார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கஞ்சம் பையன் திருப்பூரில் நாலு வருஷம் நம்மவர்களுக்குப் பனியன் தைத்தான். அங்கே அவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நமக்குத் தெரியும், ஊருக்குப் போகும்போது நம் காதிலும் விழுகிறது. இங்கே வந்து நம் பிள்ளையைக் காப்பாற்றினான். அதற்கும் வசவுதான் கிடைத்தது. அவன் நம்மை அண்ணா என்றான். அவன் பெயரைக்கூட நாம் கேட்டுக்கொள்ளவில்லை. பஸ் கிளம்பிய பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

வரும் பொங்கல் விடுமுறையில் மறுபடி ஒரு நாள் போவதென்று மகளிர் பிரிவினர் தீர்மானித்திருக்கிறார்கள். அதற்கு முன்னால், மார்கழி கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை, சங்க அலுவலகச் சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டு எல்லாப் பிள்ளைகளையும் நாமே அளக்கப் போகிறோம். 120, 140 இரண்டு இடத்திலும் சிவப்புக் கோடு இருக்கும். எண்ணைப் பிள்ளையின் பெயரோடு நோட்டில் எழுதி, வயதுக்குக் குறைந்தவர்களின் பட்டியலைத் தனியாக எடுத்துக்கொண்டு வார்டு ஆபீசுக்கு ஊர்வலமாகப் போவதாகவும் ஏற்பாடு. தாராவித் தோழரின் மகன் வீட்டு நிலைப்படியில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வருகிறான். இப்போது 119 என்கிறான், அவன் அம்மா 118 என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடும். பிள்ளைகளைச் செருப்பில்லாமல், எண்ணெய் வைத்துத் தலையைப் படிய வாரிக் கூட்டி வரவும்.